பதினொரு நோயாளிகள்

"இந்த அசிங்கத்தை நாலு பேர் முன்னால போய்ச் சொல்லணுமாக்கும்!" என்று மாமியார், மருமகள் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கினாள்.

கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் பெயருக்குத்தான் வந்திருந்தது. இரண்டாவது பிரசவத்திலிருந்து ஆறு வருடமாக அவளுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. தும்மினால் போகும், தையல் மெஷினை மிதித்தால் போகும். இப்படிப்பட்ட பெண்களுக்காக ஓர் ஆராய்ச்சி நடக்கப் போகிறது, எந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடலாம் என்பதை நோயாளிகளே வந்து சொல்லவும் என்று அதில் எழுதியிருந்தது.

"பொம்பளைக்கு அங்க என்ன பேசத் தெரியும்? நான் போறேன்," என்றான் புருஷன். இஸ்திரி போட்ட சட்டையோடு, பட்டம் வாங்கப் போகிறவனைப் போலக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் அவள் மாற்றுத் துணி இரண்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"சீக்கு எனக்குத்தானே அத்தை?"

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்து வாசலில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள். "உங்க பேர்ல நோயாளி ஏற்கெனவே உள்ள போயாச்சேம்மா!"

உள்ளே பதினொரு நாற்காலி. பதினொன்றிலும் ஆண்கள்: புருஷன்மார், ஓர் அண்ணன், ஒரு மாமனார். ஒவ்வொரு மார்பிலும் 'நோயாளி' என்ற அட்டை. கூட்டம் நிறைந்துவிட்டதில் டாக்டருக்கு ஏகப்பட்ட பூரிப்பு.

சுவரில் கேள்விகள். முக்கியமென்று படுகிற கேள்வியில் ஒட்ட ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர். 'மறுபடி பிள்ளை பெறுவாளா?', 'எப்போது கனம் தூக்குவாள்?' என்ற இரண்டிலும் அம்மை போட்டதுபோல் அப்பியிருந்தது. 'ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க என்ன வழி?' என்று ஒரு நர்ஸ் எழுதிய வரி வெறுமையாகக் கிடந்தது.

"நீ எதுக்குடி வந்தே?" என்று புருஷன் பல்லைக் கடித்தான்.

"விசாரிச்சிட்டுப் போகத்தான். காலையிலேர்ந்து எத்தனை துணி மாத்துனீங்க?"

டாக்டர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாததால் காகிதத்தைப் புரட்டினார்.

"அட்டையைக் கழட்டுங்க," என்றாள் புருஷனிடம்.

இன்னும் என்ன கேட்டுவைப்பாளோ என்ற பயத்தில் அவன் கழற்றினான். அவள் அதைத் தன் மார்பில் குத்திக்கொண்டாள்.

"இதுல உங்க மூணு எது?"

அவன் விரல் நீட்டினான். மூன்றையும் நகத்தால் பிய்த்து வெறும் வரியில் ஒட்டினாள்.

"உக்காருங்கம்மா," என்றார் டாக்டர்.

"உக்கார்ந்தா நனையும் டாக்டர். அதைத்தான் ஒட்டியிருக்கேன்."

மற்ற பத்து நோயாளிகளும் மீசையைத் தடவிக்கொண்டு காபி வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்கள்.