மாப்பிள்ளைக்கு ஓய்வு

காலை ஒன்பது பத்துக்குக் காபி வந்தது. பட்டியல் வரவில்லை.

மில்லில் ஃபிட்டராக இருக்கும் இளைய மாப்பிள்ளைக்கு அது உடனே உறைக்கவில்லை. பதினோரு வருடமாக, ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கையில் ஒரு தாள் வந்துவிடும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். மாமியாரின் சாய்ந்த கையெழுத்து. ஒன்று, குளியலறைக் குழாய் சொட்டுகிறது. இரண்டு, மாடி விளக்கு எரிந்தால் அணைவதில்லை. மூன்று, அலமாரிக் கதவு. கதவுக்கு என்ன கேடு என்பதை அவரே போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் புலம்புவார். "நான் லீவுக்கு வர்றேனா, ஓவர்டைமுக்கு வர்றேனா? பெரிய மாப்பிள்ளை சோபால சாஞ்சுக்கிட்டு உலக விஷயம் பேசறார். நான் சிங்க்குக்கு அடியில தலைய விட்டுக்கிட்டுக் கேக்கறேன்."

மனைவி பதினோரு வருடமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டாவது வருடம் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். புலம்பலைக் காதில் வாங்கினால் போதும், அதன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இந்த வருஷம் நீங்க எதையும் தொடக் கூடாது மாப்பிள்ளை," என்றாள் மாமியார். "பக்கத்துத் தெருவுல ஒரு பிளம்பர் இருக்கார். கரண்ட் வேலையும் பாப்பார். மூணு நாள் அவரை வச்சு எல்லாத்தையும் முடிச்சிட்டேன். நீங்க ராஜா மாதிரி உக்காருங்க."

ராஜா உட்கார்ந்தார். எதிரில் பெரிய மாப்பிள்ளை செய்தித்தாளை இறக்கினார். கல்லூரிப் பேராசிரியர்.

"வாங்க சகலை. ஒருவழியா எங்க கட்சிக்கு வந்துட்டீங்க."

பேராசிரியர் ஏதோ இரண்டு நாடுகளின் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சிங்க்குக்கு அடியில் இருந்தபோது அவ்வப்போது ஒரு 'ம்' போட்டால் சமாளித்துவிடலாம். சோபாவில் முகம் தெரிகிறது.

"நீங்க என்ன நினைக்கறீங்க சகலை?"

அவர் ஒன்றும் நினைக்கவில்லை. யோசிப்பதுபோல் மோவாயைத் தடவினார். இந்த வீட்டில் அவர் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவருக்கும் பேச வராது. ஆனால் சொட்டு நின்றதும் மாமனார் வந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கைராசிக்காரர்யா எங்க சின்ன மாப்பிள்ளை" என்பார். பேராசிரியரும் தலையாட்டியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் அந்த வார்த்தைக்காகத்தான் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வருகிறார் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

காலாற நடந்து வருவதாகச் சொல்லி எழுந்து வீட்டைச் சுற்றினார். மாடி விளக்கு எரிந்தது. அணைந்தது. அலமாரிக் கதவு முணுமுணுக்காமல் மூடியது. குழாய்களில் சொட்டு இல்லை. எதிலாவது ஒரு நொட்டை சொல்ல முடியுமா என்று குனிந்து, நிமிர்ந்து, தடவிப் பார்த்தார். வேலை சுத்தம். அதுதான் வயிற்றெரிச்சல்.

மாமியார் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். "பழசெல்லாம் கழட்டிக் குடுத்தார். நீங்க பாக்கணும்னு எடுத்து வச்சேன்."

உள்ளே பார்த்தார். நூல் சுற்றிய வாஷர். சைக்கிள் டியூப் துண்டு. கீலுக்கு முட்டுக்கொடுத்த தீக்குச்சிகள். பதினோரு வருடத்துக் கைராசி, ஒன்றுவிடாமல்.

"இத்தனை நாள் இந்த வீடு எப்படி ஓடுச்சுன்னு கேட்டார்," என்றாள் மாமியார். "யார் செஞ்சதுன்னு நான் மூச்சு விடலை."

கருவிப்பெட்டியை மனைவி ஊரிலேயே வைத்துவிட்டு வரச் செய்திருந்தாள். சவரப் பைக்குள் ஒரு திருகு ஸ்பேனர் இருந்தது அவளுக்குத் தெரியாது. பெண்கள் மாடிக்குத் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து அவர் சமையலறைக்குள் நுழைந்தார். சிங்க்குக்கு அடியில் வளைகுழாய் சேரும் நட்டைப் பிடித்தார். அரைச் சுற்று. அதற்கு மேல் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. சொட்டத்தான் வேண்டும், கொட்டக் கூடாது.

கையைத் துடைத்துக்கொண்டு சோபாவுக்கு வந்தார். ஒப்பந்தம் இன்னும் முடிந்திருக்கவில்லை. காதைச் சமையலறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கால் மணி நேரத்தில் மாமியாரின் குரல் கேட்டது. அவர் எதிர்பார்த்த கூப்பாடு இல்லை. கிசுகிசுப்பு.

"சத்தம் போடாதேடி. அவர் காதுல விழுந்தா எழுந்து வந்துடுவார். அந்த வாளியை இப்படி வை."

அவர் எழுந்து போனார். "என்ன அத்தை, தண்ணி சொட்டற சத்தம் கேக்குது?"

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. பாத்திரம் கழுவறோம்."

"ரெண்டே நிமிஷம், நான் பாத்துடறேன்."

மாமனார் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "வாங்க, வாங்க. ஒரு நாள் சும்மா இருந்தா கை துருப்பிடிச்சுடாது. பிளம்பருக்குப் போன் போட்டாச்சு."

பிளம்பர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். புதுச் சட்டை, மடிப்புக் கலையாதது. கை இன்னும் ஈரம். "வீடு நிறைய ஆளுங்கம்மா, பேத்தியெல்லாம் வந்திருக்கு. என் வேலையில இப்படி ஆனதே இல்லை," என்று சொல்லிக்கொண்டே தரையில் மல்லாந்து படுத்தார். புதுச் சட்டை நனைந்தது.

"உங்களை நம்பித்தானே மூணு நாள் வீட்டைத் திறந்துவிட்டேன்," என்றாள் மாமியார். "விருந்தாளிங்க முன்னாடி இப்படி மானத்தை வாங்கிட்டீங்களே."

"இதுக்குத்தான் சொல்றது," என்றார் பேராசிரியர் வாசலில் சாய்ந்துகொண்டு. "என்ன இருந்தாலும் நம்ம சகலை கை மாதிரி வராது."

மாமனார் தலையாட்டினார். "கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

கேட்க வந்த வார்த்தை கேட்டாகிவிட்டது. இளைய மாப்பிள்ளை தரையில் நனைந்துகொண்டிருந்த புதுச் சட்டையைப் பார்த்தார்.

சிங்க்குக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அசைந்தது, நின்றது. பிளம்பர் வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தார். நட்டில் புதிதாக ஏதோ தடம் பதிந்திருக்கிறது, அது தன் ஸ்பேனர் தடம் இல்லை என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மாமியார் அவரை நம்பாமல் பார்த்தாள். மனைவி பிளம்பரைப் பார்க்கவில்லை. கணவரின் சட்டைக் கை ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்தாள்.

பிளம்பர் இளைய மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் ஃபிட்டர்னு அம்மா பெருமையாச் சொன்னாங்க. இவங்க என் பேச்சை நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. இறுக்கின நட்டு தானா அரைச் சுத்து திரும்புமா சார்?"