இஷ்ரத் டீச்சரின் பை

...அந்தப் பையில் அப்படி என்னதான் இருக்கிறது, ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், முகம் வரைந்த சில அட்டைகள், அதைத் தூக்கப் பிள்ளைகளுக்குள் தள்ளுமுள்ளு, முதல் ஆளாக ஓடியது தாமரைச்செல்வி, ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் நாகஜோதி டீச்சரின் பையைத் தூக்கி வந்த தாமரைச்செல்வி. பள்ளி விட்டதும் டீச்சரின் பையை ஷேர் ஆட்டோ வரைக்கும் சுமந்து வருவது இந்தப் பள்ளியில் பெரிய பதவி, அதை நாகஜோதி யாருக்குக் கொடுப்பாள் என்று பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு அவள் பை அவள் தோளிலேயே தொங்குகிறது. முன்னால் தாமரை, இஷ்ரத்தின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவனியாபுரம் மெயின் ரோட்டில் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போகிறாள். என்ன சொல்கிறாள்?

வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை இந்த இஷ்ரத். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அவளுக்கு, மனசுப் பாடமாம், பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, தானும் தரையில் சம்மணம் போட்டு, கோபம் வந்தால் என்ன செய்வோம், அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவோம் என்று... இதெல்லாம் ஒரு பாடமா, வாய்ப்பாடு யார் சொல்லித் தருவது, திட்டுவதற்கு நாகஜோதி, கொஞ்சுவதற்கு அவளா? எரிச்சல். எரிச்சல் என்ன எரிச்சல், பொறாமைதான், வயிறு எரிகிறது, தனக்குத்தானே மறைத்து என்ன ஆகப்போகிறது. இன்றைக்கும் நாகஜோதி நோட்டுத் திருத்துகிற சாக்கில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரைப் பார்த்தால் உங்களுக்குப் பொறாமை வரும் என்று இஷ்ரத் கேட்டதும் தாமரை எழுந்து, "எங்க வீட்டு ஜல்லிக்கட்டு மாட்டப் பாத்தா டீச்சர். அப்பா அதத்தான் கொஞ்சுவாரு, என்னைய அம்புட்டு கொஞ்ச மாட்டாரு" என்றாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க இதுகள் எப்போது கற்றுக்கொண்டன? இஷ்ரத்தும் புத்திமதி சொல்லவில்லை, "கஷ்டமா இருந்துருக்கும்லம்மா" என்று மட்டும் கேட்டாள், அவ்வளவுதான், தாமரை அழுதுவிட்டாள். அவள் தலையில் பேன் இருப்பது, ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவது, எல்லாம் நாகஜோதிக்குத் தெரியும், இந்த மாட்டு விஷயம் தெரியாது. தன்னிடம் ஏன் சொல்லவில்லை? கேட்டோமா? கேட்காவிட்டால் என்ன, தானாகச் சொல்லக் கூடாதா?

ஆட்டோ நிற்கும் இடத்தில் இஷ்ரத் பையை வாங்கிக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று நாகஜோதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிப் போனாள், அந்தச் சிரிப்பிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுவே கோபமாக வந்தது. தாமரை திரும்பி எதிரே வந்தாள். கேட்கக் கூடாது, ஒரு டீச்சர் போய்ப் பிள்ளையிடம் இதைக் கேட்பதா, கேவலம்... கேட்டேவிட்டாள். "என்னடி, எம் பையெல்லாம் ஒங் கண்ணுக்குத் தெரியலையோ?"

தாமரை உதட்டைக் கடித்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் நாகஜோதி நினைத்தாள். ஓடவில்லை, இஷ்ரத் வகுப்பில் பழகியபடி மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள். "ஒங்க பையத் தூக்குறப்ப பயமா இருக்கும் டீச்சர். கீழ போட்டா அடிப்பீங்கன்னு கையெல்லாம் வேர்க்கும். அவங்க பைய தூக்குனா வேர்க்கல."

இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நகராமல் நிற்கிறாள் வேறு, பதிலுக்கு. இஷ்ரத் கொடுத்த தைரியம், சந்தேகமே இல்லை... ஆனால் சொன்னது என்னிடம் அல்லவா, அவளிடம் சொல்லவில்லையே, என்னிடம்தானே சொன்னாள் என்று உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, சீ, இதிலுமா போட்டி. ஏதாவது சொல்ல வேண்டும், பிள்ளை காத்திருக்கிறது. அதட்டல் ஒன்றுதான் வாய்க்கு வருகிறது, அதை விழுங்கினாள்... இந்த இடத்தில் இஷ்ரத் என்ன சொல்லியிருப்பாள்?