நானூற்றுப் பதினேழாவது படம்

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் கண்மணி செய்த முதல் காரியம், சாப்பாட்டு மேசைக்கடியில் குனிந்து, கணவனின் லேப்டாப்புக்குச் சார்ஜரைச் செருகியதுதான். காலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் சேனாபதியை நாற்காலியிலிருந்து தூக்கியபோது யாரோ கால் இடறி ஒயர் கழன்றிருந்தது. மவுஸை அசைத்ததும் படம் அப்படியே வந்தது. ஊதாவும் இளஞ்சிவப்புமாக, குறுக்கே அறுத்த வெங்காயம் போல வளையம் வளையமாக.

ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈ கடித்து உடம்புக்குள் வரும் புழு அது. தோலுக்கடியில் முடிச்சாக உட்கார்ந்துகொண்டு குட்டி போடும். குட்டிகள் கண்ணுக்கு ஏறினால் பார்வை போய்விடும். பழைய மருந்து குட்டிகளைத்தான் கொல்கிறது. தாய்ப்புழு வருஷக்கணக்கில் கிடக்கிறது. இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் தாயும் சாகுமா என்பதுதான் சோதனை. வெட்டியெடுத்த முடிச்சுகளின் நுண்ணோக்கிப் படங்கள் அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் இந்த மேசைக்கு வரும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று தெரியாமலே, புழுவுக்கு உயிருண்டா இல்லையா என்று சேனாபதி தீர்ப்பு எழுதுவார்.

படத்துக்குக் கீழே மூன்று கட்டங்கள். உயிருண்டு. உயிரில்லை. சொல்ல முடியவில்லை. மூன்றும் காலி.

பார்த்து முடித்துவிட்டாரா? முடிவுக்கு வந்து, கை நகர்வதற்குள்ளாகவா உயிர் போனது?

அழைப்புமணி அடித்தது. பத்மராணி, கையில் தேநீர் ஃபிளாஸ்க்குடன். இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டில் உட்கார்ந்து இதே படங்களைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவள். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. கண்மணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மேசையைக் கண்டாள். சட்டென்று குளிர்பெட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன பத்மா?"

"படம் திறந்து கிடக்கு அக்கா. அண்ணையின்ர திரையை நான் பாக்கக் கூடாது."

"இன்னைக்குமா?"

"அவர் வச்ச கட்டுப்பாடுதானே. நியூ இயர் பார்ட்டியில 'இந்தக் கிழமைப் படங்கள் சரியான கஷ்டம்' எண்டு வாய் விட்டன். வடையை அப்பிடியே வச்சுப்போட்டு எழும்பிப் போட்டார்."

"அந்த வடையை நான்தான் சாப்பிட்டேன்." கண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கியதும், "புழு உயிரோட இருந்தா எப்படி இருக்கும், சொல்லேன்" என்றாள்.

"ஏன் அக்கா இப்ப?"

"கடைசியா அவர் என்ன பாத்தார்னு தெரியணும். அவ்வளவுதான்."

பத்மராணி குளிர்பெட்டியிடமே சொன்னாள். "உள்ளுக்குக் குட்டியள் தெளிவாச் சுருண்டு கிடக்கும். செத்துப்போனா எல்லாம் கலங்கியிருக்கும்."

கண்மணி குனிந்து பார்த்தாள். "இங்க ஒரு ஓரத்துல மட்டும்…"

"சொல்லாதேங்கோ!" பத்மராணி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

கண்மணி காத்திருந்தாள். கைகள் இறங்கியதும் கேட்டாள். "காலியா விட்டா?"

"மூண்டாவது ஆள் ஒருத்தர் பாப்பார்."

"அப்போ இவர் பேரு?"

"இந்தப் படத்துக்கு வராது அக்கா."

நானூற்றுப் பதினாறு படங்களில் அவர் பெயர் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் பாதியில் விட்ட வாக்கியங்களை எத்தனையோ தடவை அவள் முடித்துவைத்திருக்கிறாள். கடைக்காரரிடம், டாக்டரிடம், டெக்சாஸிலிருந்து போனில் பேசும் மகள் யாமினியிடம். 'அப்பா என்ன சொல்ல வர்றார்னா…' ஒருமுறைகூட அவர் மறுத்ததில்லை.

மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி 'உயிரில்லை'மேல் வந்து நின்றது. ஓரத்து வளையங்களை மறுபடி பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தன. இல்லை, கலங்கலோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். பத்மராணி அசையவில்லை.

விரலை எடுத்தாள். லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, திரை சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"இப்போ திரும்பலாம்."

பத்மராணி திரும்பி வந்து இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவரில் வெளிறிய ஊதா வெளிச்சம் விழுந்திருந்தது.