மரத்தரை வீட்டுக்கு ஒரு டர்ன்டேபிள்

பல் டாக்டருக்கு ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் அதை மரத்துப்போக வைக்க எந்த ஊசியும் கிடையாது. நல்ல டர்ன்டேபிள் ஒன்று வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைக் கனத்த ஊசியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்த பழைய பெட்டி எதற்கும் துள்ளாது, ஆனால் தொண்டை கட்டிய ஆள் மாதிரி பாடியது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வங்கியில் நாள் முழுக்க நாற்காலியோடு ஒட்டிக் கிடப்பவள் அவள். சாயங்காலம் வீடு வந்ததும் கைப்பையை வீசிவிட்டு, ஒரு தட்டைப் போட்டு ஹாலில் ஆடுவாள். முறையாகக் கற்றதெல்லாம் இல்லை, சும்மா குதியாட்டம்தான்.

"எதை வேணா வாங்குங்க. என் ஆட்டம் மட்டும் நிக்கக் கூடாது."

டாக்டர் தலையாட்டினார். அந்த ஆட்டத்தைச் சமையலறை வாசலில் நின்று பார்ப்பதற்காகவே கடைசி நோயாளியை விரட்டாத குறையாக அனுப்பிவிட்டு வருகிறவர் அவர்.

கடையில் இரண்டு தேறின. ஒன்று சின்னது, ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்னொன்று கருங்கல் கனம். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். டாக்டர் விடுவாரா? கனம் இருந்தால்தான் அதிராது என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். சந்தேகமிருந்தால் குதித்துப் பார் என்றார் மனைவியிடம். அவளும் வெட்கத்தை விட்டுக் குதித்தாள். சிமென்ட் தரை, ஊசி அசையவில்லை. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர்கள் சகிதம் பெரியதே வீட்டுக்கு வந்தது.

வீடு இருந்தது மாடியில், தரையெல்லாம் மரப்பலகை. அத்தனை யோசித்த மனிதருக்கு அது மட்டும் தோன்றவில்லை.

முதல் சாயங்காலம் அவள் குதித்த முதல் குதியில் ஊசி துள்ளி, தட்டைக் கீறிக்கொண்டு பாதிப் பாட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. டாக்டர் தன் கடைவாயைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் மெதுவா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அன்றிலிருந்து வீடு ஆஸ்பத்திரியானது. அவள் பூனை மாதிரி நடந்தாள். அக்காவைப் பார்க்க வந்த மச்சினன் வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாமா, உள்ள யாராவது சீரியஸா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, "நல்லாத்தான் கேக்குது" என்றாள். டாக்டருக்குச் சுருக்கென்றது. நல்லாத்தான் கேட்டது. பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. கொடுத்த வாக்கைத் தானே மென்று விழுங்கிவிட்டோம் என்று இரவெல்லாம் புரண்டார்.

மறுநாள் கிளினிக்கில் ஒரு குண்டு ஆசாமி பயத்தில் தரையை உதைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே மெஷின் இம்மியும் அசையவில்லை. அதைச் சுவரில் திருகி மாட்டியிருந்தது. தரையில் நிறுத்தினால் ஆள் நடந்தாலே ஆடும், சுவரில் மாட்டுங்கள் என்று மெஷின் வந்த அன்றைக்குச் சொன்னதே டாக்டர்தான். ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

கடைக்கு ஓடினார். சுவரில் மாட்டும் பலகை இருந்தது, ஆனால் அந்தக் கருங்கல்லை அது தாங்காது, சின்னதைத்தான் தாங்கும். கடைக்காரர் நல்ல மனுஷர், சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் திருகு பிடிக்கிற செங்கல் சுவர் ஒன்றுதான். மற்றதெல்லாம் மெல்லிய தடுப்பு. அந்தச் சுவர் முழுக்க டாக்டரின் பட்டங்கள், ஷீல்டுகள், பெரிய மனிதர்களோடு கைகுலுக்கிய படங்கள். வருகிறவர்களை அவர் முதலில் நிறுத்துவதே அதன் முன்னால்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

சாயங்காலம் வந்தவள், சின்ன டர்ன்டேபிள் சுவரில் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஏங்க, உங்க பட்டமெல்லாம் எங்க?"

"கட்டிலுக்கு அடியில. நீ குதி."

தயங்கித் தயங்கிக் குதித்தாள். ஊசி நின்ற இடத்தில் நின்றது. இன்னும் பலமாகக் குதித்தாள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, பாட்டு அதிரவில்லை. கைப்பை எங்கோ பறந்தது. சமையலறை வாசலுக்கு நகரப் பார்த்தவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"கனமான ஆளு குதிச்சா என்ன ஆகும்னு பாக்க வேணாமா?"

டாக்டர் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் குதித்தார். கட்டிலுக்கு அடியில் ஷீல்டுகள் கடகடவென்று குலுங்கின. பாட்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.