கூழுக்கு இரண்டு படி மாவு

செண்பகம் ஒரு படி மாவைக் கூடையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். காசிநாதன் கூடையைத் தூக்கவில்லை. அவர் மணிக்கட்டில் காப்பு நூல் இருந்தது. காலையில் கட்டியது. மஞ்சள் இன்னும் தோலில் ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு?" என்றார்.

"இல்ல மாமா."

"கேவுரு இல்லியா? நம்ம வூட்ல கீது. குடுத்தனுப்பட்டா?"

"கேவுரு கீது."

அவர் அவளைப் பார்த்தார். கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு கெங்கையம்மனுக்குக் கூழ். முதல் நாள் சாயங்காலம் காசிநாதன் தெருவின் நாற்பது வீட்டுக்கும் போவார். வளர்ந்த ஆளுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு. கோலாரில் இருப்பவனுக்கும் மதராசில் இருப்பவனுக்கும் அவன் வீட்டிலிருந்து மாவு போகும். செத்தவர்களுக்குக் கிடையாது. எல்லா மாவையும் கோயில் பின்னால் இருக்கும் பெரிய மண்பானைகளில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து மூடிவிடுவார்கள். விடிவதற்குள் புளித்திருக்கும். யாருடைய மாவு எது என்று அதன்பிறகு சாமிக்கும் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஊரைக் கேட்டுவிட்டு அடுத்து இதைத்தான் கேட்பார்கள். கூழுக்கு மாவு எங்கே போகிறது? போகிற தெரு இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்.

செண்பகம் இருபத்திரண்டு வருஷமாக இரண்டு படி கொட்டிவந்தாள். ஒன்று தனக்கு. மற்றது துரைசாமிக்கு. ஜெர்மன் சண்டைக்கு மூன்று வருஷம் முந்தி அவன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனான். முதல் இரண்டு ஆடிக்கு வந்தான். பிறகு வரவில்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று அதே சுரங்கத்தில் வேலை செய்த முனியம்மாவின் தம்பி வந்து சொன்னான். அடுத்த ஆடியில் வந்தபோது ஒரு பெண் குழந்தை என்றான். செண்பகம் கேட்டுக்கொண்டாள். அந்த வருஷமும் இரண்டு படி கொட்டினாள். இரண்டு வருஷம் முன்பு முனியம்மாவின் தம்பி மதராசுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் கோலாரிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

இந்த வருஷம் நிறுத்தவேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் பகலெல்லாம் ஆவாரம் பட்டை இடித்துவிட்டு வந்து திருகையின் முன் உட்கார்ந்தாள். ஒரு படி அரைத்து முடித்ததும் தோள் வலித்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பவும் உட்காரவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிறு காலை தோல் ஷாப்பு கிடையாது. தெருவெங்கும் வேப்பிலை கட்டியிருந்தார்கள். கோயில் பின்னால் அடுப்பு எரிந்தது. செண்பகமும் முனியம்மாவும் ஆளுக்கொரு துடுப்போடு ஒரே பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். நொய் வெந்து மேலே வந்தபோது ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ஆளும் ஒரு பெண்ணும் வந்தார்கள். ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். தலைப்பாகை. பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. கையில் துணி மூட்டை.

"துரைசாமி வூடு எது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

முனியம்மா துடுப்பை நிறுத்தினாள். செண்பகம் நிறுத்தவில்லை. பெண்ணின் நெற்றியை ஒரு தரம் பார்த்தாள். நடுவில் முடி துரைசாமிக்கு இருந்ததுபோலக் கூராக இறங்கியிருந்தது. அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்றாள் முனியம்மா, தெரிந்துகொண்டே.

"கோலாரு. பேரு கெங்கம்மா." மூட்டையை நீட்டினாள். "கூழுக்கு மாவு கொணாந்தேன்."

முனியம்மா மூட்டையை அழுத்திப் பார்த்தாள். "தாயி, இது ராத்திரியே கரைக்கிற மாவு. இப்ப போட்டா கூழு ஆவாது. களிதான் ஆவும். மீனைத் தொட்டுக்கினு உருட்டி முழுங்கலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை. "எங்க லைன் வூடுங்கள்ல காலைலதான் வாங்குவாங்க. அடுப்பு மூட்டறப்ப," என்றாள். கூட வந்த ஆளைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கோபுரம் இல்லாத அந்தச் சின்னக் கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செண்பகம் துடுப்பை முனியம்மாவிடம் கொடுத்தாள். "வா," என்றாள் பெண்ணிடம்.

வீட்டுக்குள் போனதும் கெங்கம்மா சுவர் ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னபின் உட்கார்ந்தாள். எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடாமலே பேசினாள்.

"அப்பா மாசி மாசம் போய்ட்டாரு. இருமல். ஒரு வருஷமா படுக்கை."

செண்பகம் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மொண்டு முடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கம்மா?"

"நான் சின்னதா இருக்கச் சொல்லவே போய்ட்டாங்க. இப்ப பக்கத்து வூட்ல படுத்துக்கறேன்."

"கூட வந்த ஆளு?"

"வேலாயுதம் மாமா. ஆலங்காயம் பக்கம். அவரு அக்கா புள்ளைக்கு என்னைக் கேக்கறாங்க. அந்தப் பையனுக்கும் இஷ்டம். எனக்கும்." தலை குனிந்தது. "அந்தம்மாதான் கேட்டுச்சு, உங்கப்பன் உங்கம்மாவ எங்கிருந்தோ இட்டாந்தான், உனக்கு யாரு இருக்காங்கன்னு. அப்பன் ஊர்ல உன் பேருக்கு மாவு வாங்கினா சரி, இல்லன்னா வேணாம்னுடுச்சு. மாமா பாத்துட்டு வந்து சொல்லணும்."

வெளியே பம்பை அடிக்கத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் செண்பகம் கேட்டாள்.

"இங்க வரச் சொல்லி யாரு சொன்னது?"

"அப்பாதான். ஊர்ல ஒரு வூடு கீது, அங்க வருஷா வருஷம் அவரு பேருக்கு மாவு போவுதுன்னு சொல்லுவாரு. ஆடி வந்தா சொல்லுவாரு. இந்நேரம் அவ கொட்டியிருப்பான்னு."

செண்பகம் எழுந்தாள். திருகையின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தெரிந்திருக்கிறது. ரயிலில் அரை நாள். வரவில்லை. கொட்டியிருப்பாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. ஆனால் அது கேட்பதற்கு ஆள் இல்லாத கோபம். எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணோ சொம்பைத் தொடாமல், குடிக்கலாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடி," என்றாள் செண்பகம். "அவரு போனது இங்க யாருக்காவது சொன்னியா?"

"இல்ல. மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு மாமாகிட்டயும் சொல்லிட்டேன்."

"காப்பு அவுக்கற வரைக்கும் சொல்லாத. சேதி கேட்டதே தீட்டுன்னு ஆச்சுன்னா பானையைக் கவுத்துடுவாங்க. நாப்பது வூடு சாப்பாடு."

மாவு மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். கண்ணாடித் துண்டின் முன் நின்று, வியர்வையில் கலைந்திருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டாள். பட்டைச் சாயம் ஏறிய விரல். குங்குமம் எங்கே முடிகிறது, சாயம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

கோயில் முன்னால் படையல் முடிந்து பானைகளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூழும் வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் மணத்தன. ஆம்பூரில் மற்ற நாளில் இந்த நேரம் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் வாடைதான் அடிக்கும். காசிநாதன் முதல் மொந்தையை மொண்டு அம்மன் முன் வைத்தார். வேலாயுதம் அவர் பக்கத்தில் போய் நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேட்டுக்கினுதான் போவணும். எங்கக்கா விடாது. இந்தப் பொண்ணு பேருக்கு இங்க மாவு சேந்துதா?"

காசிநாதன் கெங்கம்மாவைப் பார்த்தார். "மாவு தெருவுல ஒரு வூட்டு வழியா வரணும்," என்றார். "அதுவும் நேத்தே வரணும்."

"வந்துச்சு," என்றாள் செண்பகம்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"ரெண்டு படி கொட்டினேன். ஒண்ணு என்னுது. ஒண்ணு இவளுது."

யாருக்கும் அது வியப்பாக இல்லை. அவள் இரண்டு படி கொட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். துரைசாமியின் படியை அவன் மகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று எண்ணி முனியம்மா தலையாட்டினாள். ஒரு படிதான் விழுந்தது என்று ஒருவருக்கு மட்டும் தெரியும். காசிநாதன் கையிலிருந்த அகப்பையைப் பானை விளிம்பில் சாய்த்துவைத்தார். காப்புக் கட்டிய கை. பொய் சொல்லக்கூடாது, மீன், கறி கூடாது, காப்புக்கு இரண்டு நாள் முன்பிருந்தே மனைவி பக்கம்கூடப் போகவில்லை. நூலைப் பார்த்தார். பிறகு, இரண்டில் ஒன்று அவளுடையது, ஒன்று இந்தப் பெண்ணுடையது என்றால் துரைசாமியுடையது எங்கே என்று யோசித்தார். செத்தவர்களுக்குத்தான் மாவு கிடையாது. அது அவர் முகத்தில் மெதுவாக வந்து நின்றது. செண்பகத்தின் நெற்றியைப் பார்த்தார். புதுக் குங்குமம். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டுதான்," என்றார் வேலாயுதத்திடம். "நான்தான் வாங்கினேன்."

"அவ்ளோதான் வேணும் எனக்கு."

"உக்காருங்க. குடிச்சுட்டுச் சொல்லுங்க, புளிப்பு கம்மியா ஜாஸ்தியான்னு."

முனியம்மா அவருக்கு மொந்தை நிறைய ஊற்றினாள். "நல்லாப் பாத்துக்கினு போங்க அண்ணே. உங்கக்கா கேட்டா இந்த மொந்தை சைசையும் சொல்லுங்க. கோலார்ல ஒரு விரக்கடை ஆழம்தான் ஊத்துவாங்களாமே." வேலாயுதம் சிரித்தபடி உட்கார்ந்தார். மூன்று மொந்தை குடித்தார்.

கெங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். காசிநாதனே அவளுக்கு மொண்டு நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்காமல் செண்பகத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, நீங்க?"

"குடி. நான் அப்பறம்."

பெண்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் பெரிம்மா என்ற அந்தச் சொல் யாருக்கும் தனியாகக் கேட்டிருக்காது. செண்பகம் அடுத்த வரிசைக்கு வெங்காயம் வைக்கப் போனாள்.

மறுநாள் விடிகாலையில் காப்பை அவிழ்த்தார்கள். வேலாயுதம் முதல் ரயிலுக்கே கிளம்பிவிட்டார். பெண் இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும், வண்டி ஏற்றிவிடுகிறேன் என்று செண்பகம் சொன்னாள். பிறகு துரைசாமிக்காகத் தலை முழுக ஒரு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்கு நடந்தாள். கெங்கம்மா பின்னால் வந்தாள். கரைமேல் காசிநாதன் நின்றிருந்தார். அவர்கள் இறங்கியதும் தன் மனைவியையும் முனியம்மாவையும் கூட்டிவரத் தெருப்பக்கம் திரும்பி நடந்தார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல்தான். செண்பகம் ஒரு இடம் பார்த்துக் குந்தி, இரு கையாலும் தோண்டினாள். மேல் மணல் சுட ஆரம்பிக்கவில்லை. முழங்கை ஆழத்தில் ஈரம் வந்தது. இன்னும் தோண்டினாள். கெங்கம்மாவும் எதிரில் குந்தி மணலை வாரிப் போட்டாள். கோலாரில் ஆறு கிடையாது. அவள் வாரிய மணல் பாதி உள்ளேயே சரிந்தது. "ஓரமா போடு," என்றாள் செண்பகம். பிறகு அவள் போட்ட இடத்துக்குத் தானும் போட்டாள்.

குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. சாம்பல் நிறத்தில், மணல் சுழன்றுகொண்டு. கெங்கம்மா குனிந்து சொம்பை விட்டாள்.

செண்பகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. இன்னும் தெளியல."

இருவரும் குழியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். பிடித்த கையை அவள் விடவில்லை. தூரத்தில் தோல் ஷாப்பின் முதல் மணி அடித்தது. தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. மணல் துகள்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.