ஆற்றின் மேல் ஓடிய மூன்று சக்கரம்

பொலும்புவின் கனவில் காங்கோ ஆறு மூழ்கடிக்காது. அவளுடைய மூன்று சக்கர வண்டி தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் ஓடும். கைப்பெடலை அவள் மெல்லச் சுற்றுவாள்; ஆகாயத்தாமரைத் திட்டுகள் விலகி வழிவிடும். பின்பெட்டியில் ஏதோ ஒரு பாரம் இருக்கும். என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் விடிந்துவிடும்.

சின்ன வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கின்ஷாசா படகுத்துறையில் அதற்காக யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. அங்கே அவளைப் போன்ற சக்கரக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். படகில் முதலில் ஏறுவது அவர்கள்தான். பெட்டி நிறையத் துணியோடு அக்கரைக்குப் போய், சோப்பும் பால்மாவும் ஏற்றித் திரும்புவார்கள். கால் உள்ளவர்கள் வண்டி தள்ளிப் பிழைப்பார்கள். மொபேகாவும் அப்படித் தள்ள வந்தவன்தான். தள்ளித் தள்ளியே கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டான்.

நல்லவன்தான். ஆனால் ஊர்வாய் அவன் காதில் ஏறியிருந்தது. அங்கெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் பாட்டுக்கு அடியெடுத்து ஆடிக்கொண்டேதான் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். அன்றைக்கு அவள் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆஸ்பத்திரிப் பட்டறையிலோ ஒருவருக்கு ஒன்றுதான் தருவார்கள்: கால்களில் கட்டும் இரும்புக் காலிப்பரோடு ஊன்றுகோல்கள், அல்லது புது வண்டி. அவளுடைய பழைய வண்டிக்கு அச்சு விரிசல் விட்டிருந்தது. இந்த மழைக்காலத்தைத் தாண்டாது.

"நீ நின்னா எங்கம்மா வாயடைச்சுப் போவும், பொலும்பு."

"உங்கம்மா வாய அடைக்க ரெண்டு கால் இரும்பு பத்துமா?"

கிண்டல் செய்தாளே தவிர, அவளும் போனாள். ஒரே ஒரு தடவையாவது அவனை அண்ணாந்து பார்க்காமல் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது.

பட்டறைக்காரி சிபோலா வார்களை இறுக்கிக் கட்டி, ஊன்றுகோல்களைக் கையில் கொடுத்து, மெல்லத் தூக்கி நிறுத்தினாள். உலகம் கீழே இறங்கிப் போனது. அலமாரியின் தலையில் தூசி தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு பாலாடை போல அசையாமல் கிடந்தது. நேர் எதிரே, முதல் முறையாக, மொபேகாவின் முகம்.

"அய்யோ, உன் மூக்கு இவ்ளோ சின்னதா? கீழேருந்து பாத்தப்ப பெருசால்ல இருந்துச்சு!"

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும்தான். சந்தோஷம் தாங்காமல் கல்யாணப் பாட்டை முணுமுணுத்தபடி, படகில் ஏறும்போது நீட்டுவதுபோலவே கையை நீட்டினான்.

பழக்கம் விடுமா? அவளுடைய வலது கை அவனை நோக்கிப் போனது. ஊன்றுகோல் சரிந்தது. சிபோலா தாங்கிப் பிடித்திராவிட்டால் தரைதான்.

மறுபடி நிமிர்ந்தாள். மறுபடி அவன் கையை நீட்டினான். பொலும்பு தன் கைகளைப் பார்த்தாள். கட்டையை இறுக்கிப் பிடித்து விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. துணி அளந்த கைகள், பேரம் படியாதவனைத் தட்டிக்கொடுத்துப் படிய வைத்த கைகள், கடலையை வாய்க்குள் வீசிப் பிடித்த கைகள். கட்டையை விட்டால் விழுவாள்.

"மொபேகா," என்றாள் மெதுவாக. "காலு வந்துடுச்சு. கை போயிடுச்சு."

அவன் அவளுடைய விரல் முட்டிகளின் மேல் தன் கைகளை வைத்தான். அவள் விரல்கள் திறக்கவில்லை.

"அப்ப மண்டபத்துக்குள்ள எப்படிப் போறது?"

"இத்தன நாள் நீ தள்ளுன. அன்னிக்கு நீ ஏறி உக்காரு. நான் ஓட்டுறேன்."

"மாப்பிள்ளைய மூட்ட மாதிரியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. கல்யாணத்துக்கு அழவா வர்றாங்க?"

அவன் சிரிக்கவில்லை. கல்யாண நாள் வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பொலும்பு புது வண்டியை வாங்கி நீல வண்ணம் அடித்தாள். பின்பெட்டிக்கு மட்டும் இரண்டு தடவை அடித்தாள்.

அன்று மண்டப வாசலில் பாட்டு தொடங்கியது. கழுவிவிட்ட தரை விளக்கொளியில் தண்ணீராய் மினுங்கியது. மொபேகா புதுக் கோட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே அவன் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொலும்பு நேரே பார்த்தபடி பெடலில் கை வைத்தாள்.

அவன் அவள் பக்கத்தை விட்டு விலகும் காலடி கேட்டது.

வண்டியின் பின்பெட்டி அமுங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாரத்தை அவளுக்கு நெடுநாளாகத் தெரியும். பெடலை மெல்லச் சுற்றினாள். கூட்டம் விலகி வழிவிட்டது.