கைக்குட்டை முடிச்சு

எவரிஸ்த் அந்த வாரத்தில் சின்ன டிரம் அடிக்கப் போன மூன்றாவது சாவு அது. கால் வீங்கி, பூட்ஸ் கயிற்றைப் பாதிக்கு மேல் கட்ட முடியவில்லை. ஆனாலும் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? பெட்டிக்குள் போவது ஒனேசிம். முப்பது வருஷம் பக்கத்தில் நின்று கார்னெட் என்கிற குட்டை எக்காளத்தை ஊதியவன்.

"மெதுவா நடண்ணே, அவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான், பெரிய டிரம்மைச் சுமந்து வந்த லியோன்ஸ்.

"இதுக்கு மேல மெதுவா நடந்தா என்னையும் பெட்டியில வெச்சிடுவாங்கடா."

கல்லறைக்குப் போகும் வழியில் டிரம் உரக்கச் சத்தம் போடக் கூடாது. அதனால் சின்ன டிரம்மின் அடித்தோலுக்கும் அதன் குறுக்கே ஓடும் நரம்புகளுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுவார்கள். அடி மங்கி, மண் விழுகிற மாதிரிக் கேட்கும். தரைக்கு மேல் கட்டிய கல்லறைக்குள் பெட்டியை வைத்து மூடிய பிறகு, கைக்குட்டையை உருவிவிட்டு இரண்டு குச்சியாலும் படபடவென்று ஓர் உருட்டு. அவ்வளவுதான், நியூ ஆர்லியன்ஸ் தெரு ஆடிக்கொண்டே வீடு திரும்பும்.

அந்த உருட்டுக்காகத்தான் எவரிஸ்த் வந்திருந்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இசைத்தட்டு பதிய ஒனேசிம் தலைமையில் இவர்கள் சிகாகோ போனார்கள். பட்டாளத்து நடையையும் கோயில் பாட்டையும் வளைத்து நெளித்து இவர்கள் தெருவில் வாசித்ததற்கு அதற்குள் ஜாஸ் என்று பெயர் வந்திருந்தது. டிரம் அடித்தால் தட்டில் பதியும் ஊசி துள்ளுகிறது என்று எவரிஸ்தைத் தாழ்வாரத்துக்கு அனுப்பி, தட்டுவதற்கு ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார்கள். அந்த இசைத்தட்டைக் கேட்டுப் பழகிய தூரத்து ஊர்ப் பையன்கள், கட்டை தட்டுவதுதான் ஜாஸ் போலிருக்கிறது என்று அதையும் விடாமல் பழகினார்கள். இதைச் சொல்லிச் சொல்லி ஒனேசிம் சிரிப்பான். கடைசியாகப் படுக்கையில் சிரிக்கவில்லை.

"உன்ன வெளியில நிக்க விட்டுட்டேன்டா. என் சாவுல நீ உருட்டு. தெரு முழுக்கக் கேக்கணும்."

கல்லறைக் கதவை மூடினார்கள். பாதிரியார் புத்தகத்தை மடக்கினார். எல்லோரும் எவரிஸ்தைப் பார்த்தார்கள். அவன் குனிந்து கைக்குட்டையை இழுத்தான். வரவில்லை.

செவ்வாய்க்கிழமைச் சாவில், ஜெபத்தின் நடுவில் கைக்குட்டை நழுவி டிரம் சடசடத்து, மானம் போயிருந்தது. அந்தப் பயத்தில் இன்று நரம்போடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான். வழியில் பெய்த தூறலில் முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"என்னண்ணே, அவன விட மனசில்லையா?" என்றான் லியோன்ஸ்.

"அவுக்க முடியலடா." கையை நீட்டினான். "கத்தி குடு."

"நரம்பு அறுந்துடும். அப்புறம் உருட்டினா பாத்திரம் கழுவுற சத்தம்தான் கேக்கும்."

கூட்டம் கலையத் தொடங்கியது. பின்வரிசையில் ஒருவர் குடையை மடக்கிவிட்டார். எவரிஸ்துக்கு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

ஒனேசிமின் மனைவி செனோபி தொப்பியில் தொங்கிய கறுப்பு முகத்திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்கண்ணே. முப்பது வருஷம் அவரு பூட்ஸ் முடிச்ச நான்தானே அவுத்தேன்."

தொப்பியைக் கூந்தலில் பிடித்திருந்த நீள ஊசியை உருவி, ஈர மண்ணில் மண்டியிட்டாள். குத்தினாள், நெம்பினாள், திட்டினாள். முடிச்சு விட்டது. கைக்குட்டையை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "ம், அடிங்க" என்றாள்.

எவரிஸ்த் உருட்டினான். நல்ல உருட்டு இல்லை. இடது கை பின்தங்கியது. ஆனால் கல்லறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மடக்கிய குடை மறுபடி விரிந்து தாளத்துக்கு ஆடியது. ஒனேசிமின் இடத்தில் நின்ற புதுக் கார்னெட்காரன் உதட்டைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டான்.

"வெளியில கேக்குதா?" என்று எவரிஸ்த் கத்தினான்.

"ஆத்தங்கரை வரைக்கும் கேக்குது. நடண்ணே!" என்றான் லியோன்ஸ்.

வீடு இன்னும் பதினாலு தெரு தள்ளி இருந்தது. அவன் நடந்தான்.